மூன்று மில்லிமீட்டர்

பேனா வேண்டாம்,
உள்ளே இருப்பது மட்டும் போதும் என்றேன்.
மன்னார்குடிக் கடைக்காரர்
கண்ணாடிப் பெட்டியைத் திறந்த கையோடு
என் செருப்பைப் பார்த்தார்.
அந்தப் பேனா என் நாலு மாதச் சம்பளம்.
அதன் ரீஃபில் ஐந்நூற்று எண்பது.
பேரம் பேசவில்லை.

வீட்டில் ஊக்கு முனையை அடுப்பில் காய்ச்சி
பத்து ரூபாய்ப் பேனாவின் மூக்கை
கொஞ்சம் அகட்டினேன்.
அப்புறமும் நீளம் இடித்தது.
வால் பக்கம் மூன்று மில்லிமீட்டர்.
பிளேடை வைத்து அழுத்தியபோது
ஜெர்மனியில் எவனோ ஒருத்தன்
தூக்கத்தில் புரண்டு படுத்திருப்பான்.
திருகி மூடினேன்.
அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி
உட்கார்ந்துகொண்டது.

பாமணியாற்றுக்குத் தென்கரையில்
நெல் கொள்முதல் நிலையம்.
நான் பட்டியல் எழுத்தர், பருவத்துக்கு மட்டும்.
குறுவையோடு நானும் வந்தேன், மழையும் வந்தது.
பெயர், சிட்டா, எத்தனை சிப்பம், ஈரப்பதம்.
பதினேழுக்கு மேல் போனால் எடுக்கக் கூடாது.
இந்த மையில் எழுதினால்
பத்தொன்பது புள்ளி இரண்டுகூட
அழகாகத்தான் விழுகிறது.
அதைப் படித்துவிட்டுத் தில்லைநாயகம்
தார் ரோட்டில் நெல்லைத் திரும்ப விரித்தார்.
மினி பஸ் வளைந்து போனது.

மேடம், பேனா.
மேடம், ஒரு நிமிஷம் பேனா.
வாங்குகிறவர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டு
கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.
நின்று முனையைத் திருப்பிப் பார்த்தவர்கள்
இந்த மாதம் மூன்று பேர்.
லோடுமேன் வைரக்கண்ணு ஒருவர்.
'என்னா மேடம், வழுக்கிக்கிட்டு ஓடுது?'
இன்னொருவர் பள்ளிக்கூடத்து வாத்தியார்.
மூன்றாவது, அஞ்சுகம்.

தங்கக் கிளிப் போட்ட பேனாவை
இந்த மேசையில் வைக்க முடியாது.
யார் வாங்கிக் கொடுத்தது என்பார்கள்.
பத்து ரூபாய்ப் பேனாவை
யாரும் எதுவும் கேட்பதில்லை.
சிப்பத்துக்கு நாற்பது.
அதில் எனக்கு இரண்டரை.
மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு,
எனக்குத் தெரியாது என்றுதான்
இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.
இரண்டரை இரண்டரையாகச் சேர்ந்து
ஐந்நூற்று எண்பது ஆக
அதிக நாள் ஆகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை
வானம் திடீரென்று அவிழ்ந்துகொண்டது.
படுதா, படுதா என்று எல்லாரும் ஓடினோம்.
திரும்பி வந்தபோது
மேசையில் ரசீதுப் புத்தகம் இருந்தது,
ஸ்டாம்ப் பேடு இருந்தது.
பேனா இல்லை.
பத்து ரூபாய்தானே மேடம், விடுங்க.
விட்டேன்.
ராத்திரி தூக்கம் வரவில்லை.

பதினோராம் நாள் மண்டல அலுவலகத்து ஜீப்.
அதிகாரி ஒரு மனுவைப் பிரித்து வைத்தார்.
மொட்டைக் கடுதாசி இல்லை.
பெயர், ஊர், கைபேசி எண் எல்லாம் போட்டு
இரண்டு பக்கம்.
அவர் வாசிக்க வாசிக்க
நான் மையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கருநீலம்.
எந்த இடத்திலும் திக்கவில்லை, திட்டாகவில்லை.
ஓரத்தில் மழைச் சொட்டு விழுந்து
காகிதம் பொருமியிருந்தது,
எழுத்து அசையவில்லை.
இருநூற்றுப் பன்னிரண்டு சிப்பம்,
நாற்பது வீதம்,
எட்டாயிரத்து நானூற்று எண்பது.
பெருக்கல் சரி.
அடியில், த. அஞ்சுகம்.
அந்த 'ம்' புள்ளி
பட்டாணி மாதிரி உருண்டையாக.

அவளுக்குத் தெரிந்து எடுத்தாளா,
மழையில் கையோடு போய்விட்டதா?
மனுவில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.

'இதுக்கு என்ன சொல்றீங்க, எழுதிக் கொடுங்க'
என்று தன் சட்டைப் பையிலிருந்து
ஒன்றை உருவி நீட்டினார்.
தங்கக் கிளிப். கனம்.
உள்ளே என்ன போட்டிருக்கிறார் என்று
முதல் கோட்டிலேயே தெரிந்துவிட்டது.
கீறியது. 'ஆ' பாதிதான் வந்தது.
ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன்,
வாயில் வைத்து ஊதினேன்.
வெளியே லாரிக்குச் சிப்பம் ஏறிக்கொண்டிருந்தது,
வைரக்கண்ணு எண்ணிக்கொண்டிருந்தார்.

அழுத்தி,
மறுபடியும் 'ஆ'விலிருந்து.