தாய் எண்

குமுளியில், செக்போஸ்ட்டுக்கு இப்பால்
ஏலக்காய்க் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ்.
புது சாஃப்ட்வேர் வந்து மூன்று நாளாகிறது.
இருநூற்றுப் பதினாறு வரிக்கும்
நான்தான் வகை போட வேண்டும்:
முதன்மையா, துணையா.

அறை முதன்மை. கூடுதல் கட்டில் துணை.
ஜீப் சில பேருக்கு முதன்மை,
சில பேருக்கு
அறையின் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது.
அட்டை கடிக்காமலிருக்கப் போடுகிற காலுறை?
"துணை. நாப்பது ரூபா" என்றார் பினோய் சார்.
யானை?
"ஆனைய நம்ம விக்கலையே, மெர்சலின்."
வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.
பட்டியலில் அதற்கு வரி இல்லை.

துணை என்று குறித்தால் ஒரு கட்டம் திறக்கும்,
தாய் எண் கேட்கும்.
காலியாக விட்டால் சிவந்துகொள்ளும்.
தாய் ரத்தானால் கீழே உள்ளதெல்லாம் ரத்து,
அதுகளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

புதன்கிழமை மழையில்
லோயர் கேம்ப்புக்கு மேலே மண் சரிந்து
ரோடு அடைத்துவிட்டது.
மதுரையிலிருந்து கிளம்பிய புதுத் தம்பதி
உத்தமபாளையத்தோடு திரும்பிப் போனார்கள்.
அறை, 4471, ரத்து.
கதகளி இரண்டு டிக்கெட், ரத்து.
மெத்தையில் தூவும் ரோஜா இதழ், ரத்து.
கேக், அரைக் கிலோ, முட்டை சேர்க்காதது,
அதுவும் ரத்து என்றது திரை.

பேக்கரிப் பையனுக்குத் திரை தெரியாது.
ஆறு மணிக்கு
குடைக்குள் பெட்டியை அணைத்தபடி படியேறி வந்தான்.
நிவேதன், அர்ஷியா,
நடுவில் சிவப்பு ஜெல்லியில் கோணலாக ஓர் இதயம்.
டிரைவர் சாபு ஸ்கேலை டெட்டாலில் கழுவி வந்தார்.
பெயர்களை வெட்ட யாருக்கும் மனசில்லை,
ஓரத்திலிருந்து ஆரம்பித்தோம்.
கடைசியில் என் பங்குக்கு வந்தது
'அர்ஷி'. லேசாக டெட்டால் வாசனை.

ஊருக்கு இறங்க பஸ் இல்லை.
பக்கத்து லாட்ஜிலிருந்து ஒரு கூடுதல் கட்டில் வந்தது,
கட்டில் மட்டும், அறையில்லாமல்.
இரண்டு கம்ப்யூட்டர் மேசைக்கு நடுவே விரித்தோம்.
கீழே இருந்து ஏலக்காய் நெடி.
படுத்தபடியே இன்னும் எட்டு வரி முடித்தேன்:
விமான நிலைய அழைப்பு, துணை.
தேயிலைத் தோட்ட நடை,
தெரியவில்லை, நாளை கேட்க வேண்டும்.

ஒன்பது மணிக்கு அம்மாவின் போன்.
"ரோடு நாளைக்குத்தானாம்" என்றேன்.
"சாப்ட்டியா?"
"கேக் சாப்ட்டேன்."
கொஞ்ச நேரம் மழை இரைச்சல் மட்டும் இரண்டு பக்கமும்.
பிறகு அவள் கேட்டாள்:
"கேக் மட்டுமா?"