மண்ணுக்கு ரசீது

விண்ணப்பம் போட்டது கார்த்திகையில்.
துவரிமான் கண்மாய் அப்போது
மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது.
தலைப்பு: கண்மாய் நீரின் மிதவை உயிரிகள்.
கேட்டது எழுபத்தையாயிரம்.

குழு கூடியது தை கடைசியில்.
மிதவை என்றால் படகா என்றார்
வணிகவியல் பேராசிரியர்.
சிரித்துவிட்டு நாற்பதாக வெட்டினார்கள்.

ஆணை கைக்கு வரும்போது மார்ச் பன்னிரண்டு.
முப்பத்தொன்றுக்குள் செலவழிக்க வேண்டும்,
தவறினால்
பல்கலைக்கழகக் கணக்கிலேயே திருப்பிக் கட்ட வேண்டும்.

கைப்பையில் ஆணையோடு
ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தேன்.
கண்மாய் நடுவில் கிரிக்கெட்.
மூன்று கருவேலங்குச்சி, ஸ்டம்ப்.
நாகமலை தூரத்தில் முதுகு காட்டிப் படுத்திருந்தது.
மிதவை உயிரி தேடி வந்தவள் நான் என்று
மிட் ஆனில் நிற்பவனிடம் எப்படிச் சொல்ல?
பந்து உருண்டு என் செருப்பில் முட்டியது.
எடுத்து எறிந்தேன்.
நிதி பெற்ற ஆய்வின் முதல் களப்பணி அது.

நாலு மாதமாக உதவித்தொகை வராத ரிஸ்வானாதான் சொன்னாள்:
தண்ணி இல்லேன்னா மண்ணை எடுப்போம் மேடம்.

ஒச்சப்பன் கடப்பாரையோடு வந்தார்.
வெடித்த வண்டலை
ஓரம் நொறுங்காமல் நெம்பித் தூக்கினார்,
பொரிக்காத அப்பளம் மாதிரி.
பன்னிரண்டு இடம், பன்னிரண்டு பை.
கூலி முந்நூறு.
பில் என்று இழுத்தேன்.
மண்ணுக்கா, என்றார்.

மண்ணுக்கு வேண்டாம், ஆளுக்கு வேண்டும்
என்றார் கணக்குப் பிரிவில் ஞானசௌந்தரி.
மூக்கு நுனியில் கண்ணாடி,
மேசையில் பாதி சாப்பிட்ட பணியாரம்.
நுண்ணோக்கி பல்புக்கு
மூன்று கடையின் கொட்டேஷன் கொடுத்திருந்தேன்.
மூன்றும் ஒரே கையெழுத்து.
அதை ஒன்றும் சொல்லவில்லை.
கடப்பாரைக்காரர் கையெழுத்து எங்கே?
கைநாட்டு என்றாலும் பரவாயில்லை.

திரும்பப் போய் வவுச்சரை நீட்டினேன்,
மை டப்பாவையும் சேர்த்து.
அவர் டப்பாவைப் பார்த்தார்.
என் சட்டைப்பையிலிருந்து பேனாவை
(என்னைக் கேட்காமல்) எடுத்தார்.
பெ. ஒச்சப்பன், பி.ஏ.
வரலாறுங்க. அஞ்சல் வழி.
உங்க யூனிவர்சிட்டிதான்.

மை டப்பாவை மூடத் தெரியாமல் நின்றேன்.
விரல் முழுக்க நீலம், எனக்கு.

வெள்ளி சாயங்காலம்
பன்னிரண்டு தட்டிலும் வடித்த நீர் ஊற்றினோம்.
சேறு ஊறி, குமிழி விட்டு, அடங்கியது.
ஆய்வகத்தில் புதுமழை வாசனை.
வெளியே தேனி ரோட்டில் அனல்.

திங்கள் காலை
ஏழாம் தட்டில் ஏதோ துடித்தது.
தூசி என்றேன்.
ரிஸ்வானா லென்ஸைத் திருகினாள்.
அரைப்புள்ளி அளவு உடம்பு,
நடுவில் ஒற்றைச் சிவப்புக் கண்.
ஒன்றில்லை, தட்டு நெடுக.
எத்தனை கோடையாக
தண்ணீர் வரும் என்று காத்திருந்ததோ
அந்த முட்டை.
மணி எழுதடி என்றேன்.
9.40 என்று எழுதிவிட்டுக்
கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தால் அப்படித்தான் வரும் என்றாள்.

முப்பத்தொன்று, மாலை நாலரை.
செலவு 39,588.
மீதி 412, சலான் எழுதி வரிசையில் நின்று கட்டியாயிற்று.
பயன்பாட்டுச் சான்றிதழில்
'எந்த நோக்கத்துக்குத் தரப்பட்டதோ
அந்த நோக்கத்துக்கே செலவிடப்பட்டது' என்று
முன்பே அச்சிட்டிருந்தது.
கேட்டது நீர். எடுத்தது மண்.
கண்ணை மூடிக் கையெழுத்திட்டேன்.

ஞானசௌந்தரி விடவில்லை.
இருப்புப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்:
மீதி ஆறு பை மண் அலமாரியில் இருக்கிறதே,
அது நுகர்பொருளா, நிலைப்பொருளா?

தெரியவில்லை மேடம்.
தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும்.

அவர் பேனாவை மூடினார்.
அந்தக் கட்டத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி வைத்து,
ஏப்ரல்ல பார்ப்போம் என்று
பணியாரத்தை என் பக்கம் நகர்த்தினார்.