இரண்டு, கீழே வெறும் ஆணி

திங்கட்கிழமை உடைக்கிறார்கள் என்று
பழைய இரும்பு லோரிக்காரர் போனில் சொன்னதும்
பள்ளிக்கூட அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
ஸ்பேனர், இரும்பறுக்கும் வாள், நான்கு கோணிச்சாக்கு
எல்லாவற்றையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.
சுங்கை மெராந்திக்கு இரண்டு மணி நேரம்.
வழி முழுக்கச் செம்பனை, வழி முழுக்க மழை.

எனக்கு இது பழக்கம்.
கேட்பவர்களுக்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை.
வீட்டில் ஏற்கெனவே
பத்தொன்பது இருக்கை எண்கள்,
ஒரு டிக்கெட் சன்னலின் கம்பி,
எச்சில் துப்பாதீர் என்று மூன்று மொழியில் ஒரு தகரம்,
மூன்றிலும் எழுத்துப்பிழை.
இவளுக்குக் கல்யாணம் செய்துவைத்திருந்தால்
மாப்பிள்ளையையும் ஆணியோடு பிடுங்கி வந்திருப்பாள்
என்பாள் தங்கை.

ஸ்டேடியம் என்று பெயர்தான்.
ஒன்பது படி சிமெண்டு, பாதிக்கு மட்டும் கூரை.
நான் போனபோது பாதி ஊர் அங்கே இருந்தது.
ஜெயசீலி கோல் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்,
பாகற்கொடிக்கு ஆகுமாம்.
இரண்டு பையன்கள் புல்லைப் பாய்போல வெட்டி
மோட்டாரில் வைத்துக் கட்டினார்கள்.
கழிவறைக் கதவு ஒன்று தனியாக நடந்துபோயிற்று;
கீழே இரண்டு கால்கள் இருந்தன.
குத்தகைக்காரர் ஆ ஹொக் நாற்காலி போட்டு உட்கார்ந்து
எடை பார்க்காமலே விலை சொன்னார்.

நான் வந்தது ஸ்கோர் பலகைக்கு.

பச்சைப் பலகை, இரண்டு ஆணி.
மேலே தோட்டம். கீழே நகராண்மைக் கழகம்.
தோட்டத்துக்கு நேரே 2.
கீழே ஆணி மட்டும்.

கடைசி ஆட்டம், பதின்மூன்று வருடம் முன்பு.
அதற்குப் பிறகு மின்சாரத்தை வெட்டினார்கள்,
பாம்பு வந்தது, வேலி வந்தது.

"பூஜ்யம்" என்றார் குப்புராஜ், அன்று இடப்பக்கம் ஓடியவர்.
"ரெண்டுக்குப் பூஜ்யம். நாமதான் ஜெயிச்சோம்."
"மூணு" என்றார் அந்தோணிசாமி, கோல் காத்தவர்.
"மூணும் என் கையைத் தாண்டித்தான் போச்சு.
எனக்குத் தெரியாதா?"
தோத்தவன் கணக்கு மறக்கமாட்டான் என்றார் ஒருவர்.
அவனுக்கு அன்னிக்குக் காய்ச்சல் என்றார் இன்னொருவர்.
எக்ஸ்கவேட்டரை அணைத்துவிட்டு சுபர்ஜோவும் இறங்கிவந்தார்;
மலாயில் விவரம் கேட்டு
பந்தயம் கட்டலாமா என்றார்.

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
அந்தத் தகடு என்னிடம் இருக்கிறது.
நான்கு வருடம் முன்பு, இதே ஊர் இரும்புக்கடையில்,
உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே, ஐந்து வெள்ளிக்கு.
கறுப்பு மையில் ஒரு 3,
ஓரத்தில் நகராண்மைக் கழகத்தின் மஞ்சள் பட்டை.

சொல்லியிருக்கலாம்.
தோற்றதை நிரூபிக்க இப்படிப் போராடும் ஒருவரை
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.
குப்புராஜின் முகத்தையும் பார்த்தேன்.
பலகை முழுசாக எவ்வளவு என்று ஆ ஹொக்கிடம் கேட்டேன்.
எண்பது. அறுபதுக்கு முடிந்தது.
சண்டையை நிறுத்தாமலே
இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துக்
கார் கூரையில் ஏற்றிக் கட்டித் தந்தார்கள்.

வீடு வந்தபோது இரவு பதினொன்று.
பலகையைச் சுவரில் சாய்த்து,
3-ஐக் கழற்றி அதன் ஆணியில் மாட்டப்போனேன்.
தகடு கையில் திரும்பியது.
பின்பக்கம் யாரோ ஒட்டிய நாள்காட்டித் தாள்,
கிடைத்தது கிடைத்தபடி இருக்கட்டும் என்று
நான் உரிக்காமல் விட்டது.
ஒரு மூலை கிழிந்து மை தெரிந்தது.
உரித்தேன்.
0.

தகரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கமும் வெயில் குடித்திருக்கிறது,
இரண்டு பக்கமும் துரு.
மாட்டும் ஓட்டை ஒன்றுதான்.

பலகையைக் கட்டிய கயிறு குப்புராஜுடையது.
சனிக்கிழமைக்குள் திரும்ப வேண்டுமாம்,
மாட்டுக்கு.