பதினேழு கிலோமீட்டர்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
இரும்புக் கடைக்கு மேல் மாடியில்
எனக்கொரு மேசை, பழைய மடிக்கணினி.
குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் கம்பனி.
முகநூலில் விளம்பரம் போடுவது நான்.

வரைபடத்தில் நோர்வூட் சந்தியில்
சிவப்புக் குண்டூசியைக் குத்தினேன்.
சுற்றிலும் வட்டம், பதினேழு கிலோமீட்டர்.
அதற்குக் குறைய விடாது.
பெண்கள். இருபத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து.
தமிழ்.
நகை அடகு பற்றித் தேடியவர்கள்.
வாசகமும் என்னுடையதுதான்:
"கடன் தூங்க விடவில்லையா, சகோதரி?"
மனேஜர் தோளில் தட்டினார்.
அந்த 'சகோதரி' நல்லா இருக்கு என்றார்.

ஆறு நாளில் பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
இத்தனை பேர் என்றுதான் சொல்லும் கணக்கு,
ஒரு பேரையும் சொல்லாது.

ஏழாம் நாள் இரவு
ரொட்டித் தட்டைத் தந்த கையோடு
போனை என் பக்கம் திருப்பினாள் திலகேஸ்வரி.
"இதப் பாருங்க, ரெண்டு நாளா இதுவே வருது.
நம்ம கஷ்டத்த இவனுக்கு யாரு சொன்னா?"

நான் எழுதிய சகோதரி
என் பெண்சாதியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எந்தக் கஷ்டம் என்று நான் கேட்கவில்லை.
அவள் காதைப் பார்த்தேன்.
தோடு இருந்த இடத்தில் ஈர்க்குத் துண்டு.
எத்தனை நாளாக?
துவாயை இழுத்து மூடிக்கொண்டாள்.
"புண்ணு" என்றாள்.

ஒரே காம்பரா. அதில் அவள்
எனக்குத் தெரியாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.
நடுச்சாமத்தில் போர்வைக்குள் அவள் தேடிய சொல்லை
மேசையில் உட்கார்ந்து
நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

"பக்கத்துக் காம்பரா சௌந்தரந்தான்.
செவுத்துலயே காதை வச்சிருப்பா."
எங்கள் லயத்தில் சுவர் கூரைக்கு எட்டாது.
இருமினால் அங்கே தண்ணீர் குடிப்பார்கள்.

காலையில் பீலிக்கரையில்
சௌந்தரம் குடத்தை வைத்தாள்.
இவள் தன் குடத்தை நிரம்புமுன் எடுத்துக்கொண்டாள்.
பன்னிரண்டு வருஷப் பழக்கம்.
நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன்.
வாய் நிறைய நுரை.
வசதியாக இருந்தது.

அன்றிரவு அவள் தூங்கியபின் போனை எடுத்தேன்.
(அதுவும் களவுதான்.)
விளம்பரத்தின் மூலையில் மூன்று புள்ளி.
இதை ஏன் பார்க்கிறீர்கள் என்று ஒரு வரி.
அமுக்கினேன்.
நான் குறித்தபடியே வந்தது, ஒன்றும் தவறாமல்.

மலையில் கொழுந்து நிறுக்கும்போது
ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பார்கள் அவளுக்கு,
சாக்குக்கு ஒரு கிலோ.
குறைந்தால் அரைப்பேர்.
இந்தத் தராசில் கழிவு கிடையாது.
வயது, கடன்,
தூக்கம் வராத நேரம் உட்பட நிறுத்து
முழுப்பேர் போட்டிருந்தது.

திங்கட்கிழமை விளம்பரத்தைப் புதுப்பிக்க வேண்டும்.
ஒருத்தியை மட்டும் விலக்க வழி தேடினேன்,
கிடைக்கவில்லை.
நிறுத்திவிடலாம் என்று மனேஜரிடம் சொல்லப் போய்
பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன்.
இந்தச் சம்பளத்தில்தான் தோட்டை மீட்க வேண்டும்.

குண்டூசியைப் பிடுங்கி
ராகலையில் குத்தினேன்.
வட்டம் எங்கள் லயத்தைத் தொடாமல்
அங்கே போய் உட்கார்ந்தது.

அங்கேயும்
சுவர் கூரைக்கு எட்டாது.