மூன்றாவது அளவு

காரைக்குடியில் ஏறி
மடியில் வைத்துக்கொண்டேன் கருவிப் பெட்டியை.
லக்கேஜா என்றார் கண்டக்டர்.
தண்ணி பார்க்கிற மிஷின் என்றேன்.
ஆழமா?
இல்லை, என்ன கலந்திருக்கிறதென்று.
பத்து ரூபாய் கிழித்துக் கொடுத்தார்.

புதுவயல். ஆலைக்குப் பின்னால்
அவித்த நெல்லின் புளித்த வாடையோடு
டிக்காஷன் நிறத்தில் வாய்க்கால்.
பாய்லர் அடைக்கலம்
தகர டப்பாவில் மொண்டு தந்தார்.
"கை பட்டா ரெண்டு நாளைக்கு அரிக்கும்" என்றார்
டப்பாவைப் பார்க்காமல் கையைப் பார்த்தபடி.

தாங்கல் கரைசலில் கலந்து
கரி மின்முனையை இறக்கினேன்.
மின்னழுத்தம் படிப்படியாக ஏற
கோடு தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்தது,
புள்ளி ஆறு எட்டு வோல்ட்டில்
திடீரென்று ஒரு மேடு,
பொட்டலில் குன்றக்குடி மாதிரி.
பீனால் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும் இடம்.

லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராம்.
இருக்கலாம் என்பது ஒன்று.

இன்னொரு தடவை: ஏழு.
மூன்றாவது தடவை
ஒன்றுக்கும் கீழே.
அதே தண்ணீர், அதே டப்பா.

மேனேஜர் சாத்தையா கண்ணாடியை வேட்டியில் துடைத்து மாட்டி
திரைமேல் விரல் வைத்தார்.
"மிஷினே சொல்லுதுல்லம்மா,
இத எழுதிக்கிடுங்க."

தொட்ட கணத்தில் பீனால்
தன்னோடு தானே பின்னிக்கொண்டு
தோலாகி முனைமேல் படியும்.
சாட்சி சொன்ன வாய்க்கு
அந்தச் சாட்சியத்தையே உருக்கி
அரக்கு வைத்த மாதிரி.
இதைச் சொன்னேன்.
அவர் மூன்றாவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுமினாப் பொடியை ஈரத்துணியில் குழைத்து
முனையைக் குப்புறப் பிடித்து
எட்டுப் போட்டேன்,
லைசென்சுக்குப் போனவள் போல.
"எத்தனை எட்டு?" என்றார் அடைக்கலம்.
நூறு.
சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார்.
முப்பத்தி நாலில் சாத்தையாவுக்கு போன் வந்தது,
உள்ளே போனவர் வரவில்லை.
அறுபதுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை குழம்பி
ஐம்பதிலிருந்து மறுபடி எண்ணினார்.
போகட்டும், நூற்றுப்பத்து எட்டு.

நாலாவது அளவு: பத்து புள்ளி எட்டு.
குன்றக்குடி அதே இடத்தில் இருந்தது.

நாலையும் நோட்டில் எழுதினேன்.
மூன்றாவதை அடிக்கவில்லை,
ஓரத்தில் "முனை மூடியிருந்தது" என்று மட்டும்.

ஒன்று நாற்பது பஸ்ஸுக்குப்
பெட்டியை மூடும்போது
அடைக்கலம் கேட்டார்,
"மிச்சத் தண்ணிய எங்கம்மா ஊத்த?"

வாய்க்காலைப் பார்த்தேன்,
அதன் கரையில் எவரோ நட்டிருந்த
நாலு கத்தரிச் செடியைப் பார்த்தேன்.
அவர் டப்பாவைப் பிடித்தபடியே
நின்றுகொண்டிருந்தார்.