சுவடு

காலை எட்டரை.
மழைமானியின் புனலைக் கழற்றுகிறேன்.
ஒரு வேப்பிலை, இரண்டு கட்டெறும்பு. தண்ணீர் இல்லை.

பூச்சியம் என்று எழுதப்போன பேனா நின்றது.
நேற்றுப் பின்னேரம் உட்துறைமுகப் பக்கமிருந்து
நாலைந்து துளி வந்து
என் மூக்குக்கண்ணாடியில் விழுந்ததே.
அளவுகுழாயில் ஏறாத மழைக்கும்
எங்கள் பதிவேட்டில் ஒரு சொல் உண்டு: சுவடு.
பெய்ததென்று ஒப்புக்கொள்ளலாம்.
கூட்டலில் சேர்க்கக்கூடாது.

மேசையில் மாரிக்கான எதிர்வுகூறல்.
திருகோணமலை மாவட்டம் இளம்பச்சை.
அதாவது, மழை வழமையை விஞ்ச
நூற்றுக்கு நாற்பத்தைந்து வாய்ப்பு.
அந்தப் பச்சை இங்கே முளைத்ததல்ல.
ஆபிரிக்கக் கரையில் கடல் அரைப் பாகை சூடேற,
சுமாத்திராப் பக்கம் கொஞ்சம் குளிர,
எங்கள் படத்தில் நிறம் மாறுகிறது.
மாலைதீவில் ஒருவர், சீசெல்சில் ஒருவர்,
அந்தமானில் ஒருவர்
இதேபோல் எறும்பைத் தட்டிவிட்டு அளந்திருப்பார்கள்.
முகம் தெரியாது, நிலைய இலக்கம் தெரியும்.
ஒருநாள் எண் வரப் பிந்தினால்
யாருக்கு அங்கே காய்ச்சலோ என்று நினைப்பேன்.

கட்டைபறிச்சானிலிருந்து சித்திரவேல் எடுத்தார்.
"பிள்ளை, நாப்பத்தஞ்சு எண்டா
புழுதியில விதைக்கிறதோ, விடுறதோ?"
"இப்பிடி நூறு வருசம் வந்தா
அதில நாப்பத்தஞ்சு வருசம்..."
"எனக்கு இந்த ஒரு வருசம்தான் இருக்கு.
ஆறு ஏக்கர். விதைநெல்லும் கடன்."
நான் பேசவில்லை. அவரும் வைக்கவில்லை.
பின்னால் ஒரு உழவு இயந்திரம்
ஓடாமல் நின்று டீசல் குடித்துக்கொண்டிருந்தது.

வழமை என்பது முப்பது வருசத்தின் சராசரி.
அந்த முப்பதுக்குள்
மூதூர்ப் பதிவேட்டில் ஒரு ஆவணியின் நடுவில்
கையெழுத்து அறுந்து நிற்கிறது.
அப்புறம் ஏழு மாதம் கட்டங்கள் வெறுமை.
அயல் நிலையங்களை வைத்து நிரப்பியிருக்கிறோம்,
பென்சிலால்.

ஏன் கேட்டேனோ தெரியாது:
"அந்த மாரி எப்பிடி ஐயா?"
"அதோ? முகாமில இருந்தம். பேய் மழை.
கூடாரத்துக்கு வெளியில வாளி வச்சா
பிள்ளை பால் குடிச்சு முடியிறதுக்குள்ள நிரம்பும்.
எழுதப்போறியோ?"

எந்தக் கட்டத்தில் எழுத?

"நாலை விதையுங்கோ" என்றேன் கடைசியில்,
"ரண்டை வச்சிருங்கோ."
எங்கள் சுற்றுநிருபம் எதிலும் இல்லாத வாக்கியம்.

ஐப்பசி காய்ந்தது.
கார்த்திகையின் முதல் பாதியும்.
மூன்று சுவடு, ஒரு இரண்டு தசம் ஆறு.
முளைத்ததெல்லாம் மஞ்சளாகி, ஆனாலும் சாகாமல் கிடந்ததாம்.
பிறகு வங்கக் கடலில் ஒரு தாழமுக்கம்
போக மனமில்லாமல் மூன்று நாள் நின்றது.

இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு
சேமிப்புக் கலன் வழிந்து
வெளி உருளையும் பாதிக்கு வந்திருந்தது.
குழாயால் எட்டுத் தடவை அளந்தேன், குடைக்குள் நனைந்துகொண்டு.
குச்சவெளித் தானியங்கி மானி மட்டும்
அன்றைக்கும் பூச்சியம் அனுப்பியது.
புனலின் கழுத்தில் குளவி கூடு கட்டியிருந்தது.

மூன்று மாதக் கூட்டலில்
எங்கள் எதிர்வுகூறல் சரி.
பச்சை, பச்சையாகவே முடிந்தது.
கொழும்பிலிருந்து ஒரு வரிப் பாராட்டும் வந்தது.

ஆனால் அந்த இரண்டாம் நாளே அவர் எடுத்திருந்தார்.
திட்டப்போகிறார் என்று காதைச் சற்றுத் தள்ளி வைத்தேன்.
"நாலும் தண்ணிக்குள்ள.
எவ்வளவு பெய்தது பிள்ளை?"
"நூற்றெண்பத்தேழு தசம் நாலு."
"அந்த நாலையும் எழுதினியோ?"
"எழுதினன்."
"பேனையால?"
"பேனையால."
"ம்."

பிறகு, மழைச் சத்தத்துக்கு மேலால்:
"மற்ற ரண்டுக்குமான நெல்லு மூடையில கிடக்கு.
எப்ப விடும் எண்டு சொல்லு."

குழாயைத் துடைத்துக்கொண்டு
வானத்தைப் பார்க்கவில்லை,
அந்தமானின் எண் வந்துவிட்டதா என்று பார்த்தேன்.