நடு ஸ்டம்ப்

ஞாயிறு காலை ஆறரை மணி.
சக்தி கார்டன் ரிசர்வ் சைட்டில் ஏழு பேர்.
வருகிறேன் என்றவர்கள் இருபத்திரண்டு.

வாரத்தில் ஆறு நாள்
பனியனில் பிசிறு தேடும் கண் எனக்கு,
பார்த்தீனியம் தப்பாது.
பூக்கும் முன்னே, வேரோடு, கையுறை போட்டு.
கையுறையும் கம்பெனி வேஸ்ட் துணியில்
நான் தைத்ததுதான்.

பிபுதி தமிழில் முதலில் கற்ற செடிப்பெயர்
கொழுக்கட்டைப்புல்.
அவன் சொன்னால் பசிக்கும்.
சைபுன்னிசா ஆவாரம் விதையை
வெந்நீரில் போட்டு ராத்திரி ஊறவைத்து
டிபன் டப்பாவில் கொண்டுவருவாள்.
சென்னியப்பன் சார் மின்வாரியத்தில் லைன் பார்த்தவர்,
வேலியையும் கம்பி இழுத்தாற்போல்தான் நடுவார்.

வேலி என்றால் கிளுவை.
காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டிலிருந்து
டெம்போவில் வந்த அறுபது குச்சி.
நட்டு ஒரு மாதம் ஆகியும்
அறுபது குச்சியாகவே நின்றது.

"இதுக்குப் பேரு பூங்காவுங்களா?"
அசோசியேஷன் செயலாளர் கேட்டார்.
"புல்தரை கேட்டோம். பொதர் வளக்கறீங்க.
பாம்பு வந்தா ஆருங்க பொறுப்பு?"
பாம்பு வந்தால் நல்லது என்று
அவரிடம் எப்படிச் சொல்வது.

ஆடிக் காற்று ஓய்ந்த ஒரு ஞாயிறு
எண்ணிப் பார்த்தால் ஐம்பத்தேழு.
மீதி மூன்றும்
அந்தப் பக்கத்து மண்தரையில்
ஸ்டம்பாக நின்றன.
சென்னியப்பன் சார் பிடுங்கப் போனார்.
"ஒரே ஓவருங்க சார்" என்றான் தர்ஷித்.
அந்த ஓவர் புரட்டாசி வரை போனது.

ஐப்பசியில் நாலு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள்
ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்தேன்.
வேலியில் பாதி துளிர்த்திருந்தது.
பாதி இன்னும் யோசனையில்.
நடு ஸ்டம்பில்,
பட்டன் துளை அளவுக்கு,
மூன்றாய்ப் பிரிந்த ஒரே இலை.

பையன்கள் சுற்றி நின்று சண்டை போட்டார்கள்:
இலை விழுந்தால் அவுட்டா,
குச்சி அசைந்தால் அவுட்டா.
முடிவில் செங்கல் அடுக்கி
பிட்ச்சைப் பத்தடி கிழக்கே தள்ளினார்கள்.
ஆஃப் ஸ்டம்பிலும் ஒரு முடிச்சு பச்சையாய் இருந்தது.
லெக் ஸ்டம்ப் செத்துவிட்டது.
பந்து அதிகம் பட்டது அதில்தான்.

பிடுங்கட்டுமா என்றேன்.
"இருக்கட்டுங்க்கா,
இன்னொரு மழை இருக்குதில்ல."

குனிந்து
அதன் காலடியில் முளைத்திருந்த
பார்த்தீனியத்தை மட்டும் இழுத்தேன்.
அன்றைக்குக் கையுறை இல்லை.
ராத்திரி முழுக்க
கை அரித்தது.